துருவைப் புட்டியால் மூடாத பட்டறை

பத்தனைச் சந்தியைத் தாண்டித் தலவாக்கலைப் பக்கம் போகும்போது, பிரதான வீதியிலிருந்து கீழே இறங்கும் தோட்டப் பாதையொன்றில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு தகரக் கூரைப் பட்டறை இருக்கிறது. பழைய காரொன்றைத் தன் வீட்டிலேயே, தன் கையாலேயே சீர்செய்துகொண்டிருக்கிற எவரும் மலையகத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் அது. வண்டியை ஒப்படைத்துவிட்டுப் போய், பளபளப்பாகத் திரும்பப் பெற நினைப்பவர்களுக்கு அது உதவாது. ஒரு வண்டியின் முழுச் சீரமைப்பையும் அவர்கள் பொறுப்பேற்பதே இல்லை. வீட்டில் செய்ய முடிந்ததை நீங்களே செய்யுங்கள், முடியாததை மட்டும் எங்களிடம் கொண்டுவாருங்கள் என்பார்கள். என் மொரிஸ் மைனரின் அடிப்பாகம் இன்று உறுதியாக நிற்கிறதென்றால், அதில் பாதிப் பெருமை அந்தப் பட்டறைக்கு உரியது. ஆகவே நல்லதையும் குறையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பட்டறையை நடத்துபவரை எல்லோரும் பாஸ் என்றே அழைக்கிறோம். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பைக் கடையும் லேத் இயந்திரத்தில் நிற்பவர் அவருடைய மகள். ஹட்டனில் தொழிற்பயிற்சி பெற்றவர். வெல்டிங் மருமகனுடைய பொறுப்பு. அவர்களுக்குச் சோறு போடுவது கார் வேலை அல்ல. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் ரோலர்களுக்கும் ட்ரையர்களுக்கும் தேய்ந்த தண்டு, புஷ், பற்சில்லு ஆகியவற்றைக் கடைந்து கொடுப்பதுதான் பிரதான வருமானம். அந்த இயந்திரங்களில் பல பிரித்தானியாவில் செய்யப்பட்டவை, அங்குல அளவில் அமைந்தவை. உதிரிப்பாகம் கேட்டு எழுதினால் பதில் அனுப்பக் கம்பெனியே இன்று இல்லாதவையும் அவற்றில் உண்டு. இருப்பதைப் பார்த்து அளந்து, இல்லாததைச் செய்துகொள்ளும் பழக்கம் அவர்கள் கையில் ஊறிப்போனதற்கு அதுதான் காரணம். அறுபது வருடம் கடந்த ஆங்கிலேயக் காருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறெங்கே கிடைக்கும்?

என்னுடையது 1960 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. நான்கு கதவு, 948 சிசி என்ஜின். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் காரும் இதுதான். எங்கள் பக்கத்தில் தோட்டத்து டொக்டர்களும் பெரிய கிளாக்கர்களும் பாடசாலை அதிபர்களும் ஓட்டிய வண்டி. நானும் பொகவந்தலாவையில் ஒரு பெரிய கிளாக்கரின் குடும்பத்திடமிருந்துதான் வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு ஓடுகிற வண்டி எதன் விலையும் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டவில்லை. ஓடாமல் கிடந்த இந்த மைனர்தான் எட்டியது. கொழுந்துச் சாக்குகள் அடுக்கிய கொட்டகையொன்றில் பல பருவமழைகளைப் பார்த்துவிட்டு நின்றது. சாக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் முழுவதும் வண்டியின் அடித்தகட்டுக்குப் போயிருந்தது.

இதன் இலக்கத் தகட்டில் சிங்கள ஶ்ரீ எழுத்து இருக்கிறது. வாகன இலக்கங்களில் புகுத்தப்பட்ட அந்த எழுத்துக்கு எதிராக 1957, 1958 ஆம் ஆண்டுகளில் நடந்த போராட்டத்தைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவன் நான். பொகவந்தலாவைப் பக்கத்தில் அதற்காக உயிர்கள் போயின. இலக்கத்தை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். இந்த மண்ணில் நடந்ததை இந்த வண்டியும் சுமக்கட்டும்.

எங்கள் வீடு ஏழு பேர்ச் காணியில் இருக்கிறது. சுவரோடு சேர்த்துத் தகரக் கொட்டகை ஒன்று இறக்கி, அதற்குள்தான் வேலை. கதவுகளைக் கழற்றினால் நடக்க இடமில்லை. சிறு வெல்டிங் இயந்திரத்தைப் போட்டாலும் வீட்டு மின்சாரம் தாழ்ந்து, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி அணைந்துவிடுகிறது. என்ஜினைக் கழற்றலாம், பிரேக்கைப் பிரிக்கலாம், இருக்கை தைக்கலாம். ஆனால் அடித்தளத்தை வெட்டி ஒட்டும் வேலை அங்கே நடக்காது. அதற்கு வெளியே போகத்தான் வேண்டும்.

முதலில் விசாரித்த கராஜ்களில் கேட்டதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. பெயர் வேண்டாம். ஒருவர் துருப்பிடித்த இடத்தில் கண்ணாடி நாரும், பள்ளத்தை நிரப்பும் பசையான புட்டியும் வைத்து, மேலே தார் அடித்துவிட்டால் பரிசோதிப்பவருக்கும் தெரியாது என்றார். இன்னொருவர் என்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டு ஜப்பானிய என்ஜின் ஒன்றைப் போடச் சொன்னார். மைனரைப் பார்த்தவுடன் இப்படிச் சொல்பவர்கள் ஏராளம். அசல் என்ஜின் நன்றாகவே சுழன்றது. அதன் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. அதை எறிந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைச்சல் ஒருபுறம், கையிலிருப்பது மைனர்தானா என்ற கேள்வி மறுபுறம். புட்டி பற்றிச் சொன்னதை நான் குற்றமென்றே கருதுகிறேன். இறம்பொடை வளைவுகளில் மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டிய வண்டி இது.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். மைனருக்குத் தனியாகச் சேசிஸ் என்ற அடிச்சட்டம் கிடையாது. உடலும் அடித்தளமும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டவை. முன் சில்லுகளைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் அல்ல, முறுக்குக் கம்பி. சில்லைப் பிடித்திருக்கும் கீழ்க் கையில் தொடங்கும் அந்தக் கம்பி பின்னோக்கி நீண்டு, முன் இருக்கைகளுக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தில் போய்ப் பிணைகிறது. அதாவது முன்பக்கப் பாரத்தின் முறுக்கு முழுவதையும் அந்தக் குறுக்குச் சட்டம்தான் தாங்குகிறது. ஜாக்கி பொருத்துகிற இடமும் அதன் இரு முனைகளில்தான். சில்லு அள்ளி எறியும் சேறு அந்த முனைகளில் போய்த் தங்கும். தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியே வர வழியில்லாததால் உள்ளிருந்து தின்னத் தொடங்கும். மேலே கறுப்புத் தார் பூசிய தகடு ஒழுங்காகத் தெரியும்போதே உள்ளே சட்டம் தூளாகியிருக்கும். மைனர் வாங்கப் போகிற யாராக இருந்தாலும் பெயின்டைப் பார்க்காமல் பாயைப் புரட்டி இதை முதலில் பாருங்கள்.

பாஸ் வண்டியைப் பார்க்க எங்கள் கொட்டகைக்கே வந்தார். கையில் ஒரு சிறு சுத்தியலும் பழைய திருப்புளியும் மட்டும். குறுக்குச் சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிக்கொண்டே போனார். சத்தம் மாறும் இடங்களில் சாக்கட்டியால் கோடு போட்டார். ஓரிடத்தில் திருப்புளி பிடிவரை இறங்கிவிட்டது. அங்கே யாரோ முன்னொரு காலத்தில் துருவின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டியிருந்தார்கள். அந்தத் தகடும் துருப்பிடித்து, அதன்மேல் இன்னொன்று ஒட்டப்பட்டிருந்தது. அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“சேர், இதில் நல்ல இரும்பு வருகிற இடம்வரை வெட்ட வேண்டும். எவ்வளவு போகும் என்று இப்போது சொல்ல மாட்டேன். வெட்டிய பிறகு நீங்களே வந்து பார்த்து, சரி என்றால்தான் ஒட்டுவேன்.”

வெட்டிய பிறகு வந்து பார் என்று சொல்லும் கராஜ்காரரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. துருவை மறைப்பவர்கள் வாடிக்கையாளரை வாசலிலேயே நிறுத்திவைப்பார்கள்.

வண்டியைக் கொடுப்பதற்கு முன் அவர் இட்ட நிபந்தனைகள் எல்லாம் என் வேலையாகவே இருந்தன. பெற்றோல் டாங்கியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பாய், இருக்கை, தாரை உறிஞ்சிய பழைய சணல் விரிப்பு ஒன்றும் உள்ளே இருக்கக்கூடாது. பற்றவைக்கும் இடங்களின் தாரைச் சுரண்டி வெறும் இரும்பாக்கியிருக்க வேண்டும். “சுரண்டுவதற்கு எனக்குப் பணம் கொடுக்க வேண்டாம், அது உங்களாலேயே முடியும்” என்றார். பேட்டரி முனையும் கழற்றியாயிற்று. பிறகு தெரிந்தவரின் கொழுந்து லொறியில் ஏற்றி, மழையில்லாத ஒரு தை மாதக் காலையில் கொண்டுபோய் இறக்கினோம்.

அங்கே நடந்த வேலையைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பழைய காரின் சில் தகடுகளையும் (கதவுகளுக்குக் கீழே நீளும் தகடுகள்) குறுக்குச் சட்டத்தையும் ஒரே நேரத்தில் வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே பற்றவைத்தால் பிறகு கதவு எந்தக் காலத்திலும் ஒழுங்காக மூடாது. ஆகவே அவர்கள் முதலில் கதவு நிற்கும் இடைவெளிகளுக்குக் குறுக்காக எல் வடிவ இரும்பை வைத்துத் தற்காலிகமாகப் பிணைத்தார்கள். வண்டியைச் சில் தகட்டில் தாங்கவிடாமல், அச்சும் சஸ்பென்ஷனும் பிணையும் இடங்களில் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். பாஸின் மகள் ஒரு பயிற்சிக் கொப்பியில் வண்டியின் அடிப்பாகத்தைப் படமாக வரைந்து, மூலைக்கு மூலை குறுக்களவுகளை எடுத்து எழுதினார். இடப்பக்க முன் மூலையிலிருந்து வலப்பக்கப் பின் மூலைக்கும், அதற்கு எதிர்மாறாகவும் உள்ள தூரம் ஒத்துப்போனால்தான் அடித்தளம் சதுரமாக நிற்கிறது என்று பொருள். நான் கணிதம் கற்பிப்பவன். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்பதை வகுப்பில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதை ஒரு வண்டியின் உயிர்நாடியாக அன்றுதான் கண்டேன். அடுத்த வாரம் என் மாணவர்களுக்கு அந்தக் கொப்பியின் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தினேன்.

முறுக்குக் கம்பிகளைக் கழற்றும்போது இடது, வலது என்று இரண்டிலும் பெயின்டால் அடையாளம் வைத்தார்கள். பல வருடம் ஒரு பக்கமாகவே முறுகிப் பழகிய கம்பி அது. பக்கம் மாற்றிப் போடக்கூடாது. மைனரே அதிகம் பார்த்திராத ஒரு பட்டறை, கேட்காமலேயே இதைச் செய்தது எனக்கு மிகுந்த நம்பிக்கையைத் தந்தது.

வெட்டு வேலை முடிந்ததும் அழைத்தார்கள். போய்ப் பார்த்தேன். குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளும் போயிருந்தன. சாரதி பக்கத்துச் சில் தகட்டின் உட்சுவர் பாதிக்குமேல் இல்லை. வெட்டியெடுத்த துண்டுகளையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு எனக்காக வைத்திருந்தார்கள். அதன் பிறகே தகடு மடித்து, பொருத்தி, கவ்விகளால் பிடித்து, ஒவ்வொரு பக்கமும் கதவை மாட்டி மூடிப் பார்த்து, அளவு கொப்பியோடு ஒத்தால் மட்டும் பற்றவைத்தார்கள். மருமகன் ஒரே கோடாக இழுத்து வெல்ட் செய்யவில்லை. இங்கே சிறிது, அங்கே சிறிது என்று மாறி மாறிப் போட்டு, இடையில் ஆறவிட்டார். மெல்லிய தகட்டில் ஒரே இடத்தில் சூடேற்றினால் அது நெளிந்துபோகும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடங்களில், ஒட்டுவதற்கு முன்பே உட்பக்கம் நாகம் (துத்தநாகம்) கலந்த பிரைமர் பூசியிருந்தார்கள். வெளியே தெரியாத இடம் அது. பூசாமல் விட்டிருந்தால் நான் அறிந்திருக்கப் போவதில்லை. தண்ணீர் வடியும் துளைகளைப் பழைய இடத்திலேயே வைத்தார்கள். மைனரைத் தின்றது அந்தத் துளைகள் அடைபட்டதுதான் என்று பாஸ் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெய்யைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பற்றியும் சொல்ல வேண்டும். மைனரில் அது என்ஜின் பக்கத்தில் இல்லை. சாரதியின் கால்களுக்குக் கீழே, அடித்தளச் சட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. எண்ணெய் பார்க்கப் பாயைத் தூக்கி மூடியைத் திறக்க வேண்டும். அதைக் கழற்றப் போனால் முறுக்குக் கம்பி போல்ட்டை வெளியே வரவிடாமல் மறிக்கும். வீட்டில் படுத்துக்கிடந்து போராடுபவர்கள் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கம்பி ஏற்கெனவே இறங்கியிருந்ததால் எங்களுக்கு அது எளிதாக வெளியே வந்தது. உட்சுவர் முழுக்கத் துருக்குழிகள். மகள் அதை லேத்தில் வைத்துச் சற்றே அகலப்படுத்தி, துருப்பிடிக்காத உருக்கில் ஒரு குழாய் கடைந்து உள்ளே இறக்கி, பழைய அங்குல அளவுக்கே திரும்பக் கொண்டுவந்தார். ஆகவே வழமையான ரப்பர் தொகுதியே பொருந்துகிறது. பிளந்துபோன ரப்பரை மட்டும் மாற்றி இதே சிலிண்டரைத் தலையில் கட்டப் பார்த்த கடைக்காரர் ஒருவரையும் எனக்குத் தெரியும். நான்கு சில்லிலும் ட்ரம் பிரேக்தான் இந்த வண்டியில். எங்கள் இறக்கங்களில் அதன் அருமை சொல்லி மாளாது.

மரை, அதாவது போல்ட்டின் திருகுப் புரி விடயத்தில் அவர்களுக்குள்ள கவனம் தனிப் பாராட்டுக்குரியது. தொழிற்சாலைகளின் பழைய இயந்திரங்களில் இருப்பது விட்வொர்த் மரை, அதன் கோணம் 55 பாகை. மைனரின் போல்ட்டுகள் பெரும்பாலும் யூஎன்எஃப் என்ற வேறொரு அங்குல மரை, கோணம் 60 பாகை. 5/16 அங்குல போல்ட்டை எடுத்துக்கொண்டால், யூஎன்எஃப்பில் அங்குலத்துக்கு 24 மரை. விட்வொர்த் கோணத்திலேயே அமைந்த பிரித்தானிய நுண்மரையில் 22. கையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், இரண்டு சுற்று ஏறவும் செய்யும். மூன்றாவது சுற்றில் பலவந்தமாகத் திருகினால் நட்டின் மரை போய்விடும். மகள் ஒவ்வொரு போல்ட்டுக்கும் மரை அளவியை வைத்துப் பார்த்துத் தனித்தனி டப்பாக்களில் போட்டுத் தந்தார். அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீற்றர் ஸ்பேனரை மாட்டி மூலைகளை மழுக்குகிற வழக்கம் நம் கராஜ்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும். அங்கே சுவரில் அங்குல ஸ்பேனர்களுக்குத் தனி வரிசை இருக்கிறது.

அவர்கள் செய்ய மறுத்த ஒரு வேலையும் உண்டு. முன் சில்லின் அடியிலுள்ள ட்ரனியன் என்ற பாகத்தில் சில்லு திரும்புவதே ஒரு மரையில்தான். கிரீஸ் அடிக்காமல் விட்டால் அந்த மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, சில்லு வண்டிக்கடியில் மடங்கிவிடும். என்னுடையதில் ஆட்டம் இருந்தது. வெல்ட் போட்டுத் திரும்பக் கடையலாமா என்று கேட்டேன். பாஸ் தலையை ஆட்டிவிட்டார். உயிரோடு விளையாடுகிற இடத்தில் நிரப்பிக் கடைந்ததைப் போடமாட்டேன், புதிதாக வாங்குங்கள் என்றார். புதியது பிரித்தானியாவிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. 2022 இல் ரூபாய் சரிந்த பிறகு அப்படியான ஒவ்வொரு பொதியும் சம்பளத்தைக் கடித்துக்கொண்டுதான் வருகிறது. இருந்தாலும் வாங்கினேன். வருமானத்தை விட்டுக்கொடுத்து ஒரு வேலையை மறுப்பவரின் பேச்சை மீறுவது எப்படி?

என்ஜினின் மேற்பகுதியான ஹெட்டையும் அங்கேதான் கொடுத்தேன். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002 இல் நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்து வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸோஸ்ட் வால்வ் அமரும் இடம் ஈயத்தின் பாதுகாப்பில் இருந்தது. அது இல்லாமல் நீண்ட ஏற்றங்களில் ஓடினால் சிறிது சிறிதாக உட்குழியும். கடினமான வளையங்களை அமர்த்தித் தந்தார்கள். சுத்தமான வேலை.

இனிக் குறைகள். முதலாவது, காலம். தொழிற்சாலையில் ரோலர் ஒன்று நின்றுவிட்டால் உங்கள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு அதற்குத்தான் போவார்கள். கொழுந்து மலிந்து வரும் மாதங்களில் இது அடிக்கடி நடக்கும். பறித்த கொழுந்து காத்திருக்காது என்பதால் அதில் எனக்குக் கோபமில்லை, ஆனால் திகதி சொல்லி வேலை வாங்க நினைப்பவர்கள் தவிப்பார்கள். இரண்டாவது, இடம். பட்டறைக்குள் ஒரு வண்டிதான் நிற்கும். இன்னொன்று வந்தால் வெளியே தார்ப்பாயின் கீழ்தான். தகட்டை வெறும் இரும்பாக்கிவிட்டு தென்மேற்குப் பருவமழையில் வெளியே நிறுத்துவது செய்த வேலையைக் கெடுப்பதாகும். தை, மாசியில் கொண்டுபோவதே நல்லது. மூன்றாவது, பெயின்ட். கேட்டால் அடித்துத் தருவார்கள், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடிய அறை இல்லை. எங்கள் பக்கத்து மூடுபனியில் விரைவில் உலரும் பெயின்ட் அடித்தால் ஈரம் படிந்து மேற்பரப்பு வெண்மையாகப் பூத்துவிடும். பெயின்ட் வேலையை மட்டும் கீழே, கண்டிப் பக்கம் கொண்டுபோவது நல்லது. மின்சார வேலை அவர்கள் தொடுவதே இல்லை. அது ஒருவகையில் நல்லதுதான். மைனரில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைகிறது. இது தெரியாதவர்கள் மாற்றிப் பொருத்தி நாசம் செய்வதுண்டு.

கட்டணம் மணிக்கணக்கில் இல்லை, வேலைக் கணக்கில். எல்லாம் அதே பயிற்சிக் கொப்பியில். தகடு எவ்வளவு, வாயு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் காட்டுகிறார்கள். கொழும்பில் இதே வெல்டிங்குக்குக் கேட்ட தொகையில் பாதிக்குச் சற்று மேலேதான் முடிந்தது. காசாக மட்டுமே வாங்குவார்கள். காப்புறுதிக்கோ வேறெதற்கோ அச்சடித்த பற்றுச்சீட்டு வேண்டுமென்றால் கிடைக்காது. தவணையாகக் கொடுக்க முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். எனக்குச் சம்பளத் திகதி வரை பொறுத்தார்கள்.

வண்டி வீடு திரும்பியபின் மீதியெல்லாம் கொட்டகையில் என் கையால் நடந்தது. சட்டங்களின் உட்புறத்தில் மெழுகு கலந்த எண்ணெய்யை நீண்ட குழாயால் பாய்ச்சினேன். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரை இந்த உயரத்துக்கு ஏற்றபடி சரிசெய்தேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கடலோரத்துக்குச் சரியாக வைத்த எஸ்யூ வகைக் காபரேட்டர் இங்கே பெற்றோலை அதிகமாகக் குடித்துக் கறுப்புப் புகை கக்கும். அடியிலுள்ள ஜெட் நட்டைச் சற்று மேலே திருகினால் அடங்குகிறது. கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் பழைய கை வடிவ சிக்னல்களும் வேலை செய்கின்றன. 1961 இல் மைனரில் மினுக்கும் விளக்குகள் வந்தபோது கைவிடப்பட்டவை இவை. லயத்துப் பிள்ளைகள் எங்கள் படியில் அமர்ந்து, இடது, வலது என்று போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்கும்போது எந்த வேலையையும் நிறுத்திவிடுவேன். ஆனால் வீதியில் மற்ற சாரதிகள் அதைக் கவனிப்பதில்லை. பின்புறத்தில் மினுக்கும் விளக்கும் சேர்த்துப் பொருத்தியிருக்கிறேன். பாதுகாப்புக்காக அசல்தன்மையில் சிறிது விட்டுக்கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

இப்போது பின் ஸ்பிரிங் பிணையும் தகடுகளில் ஒன்று சந்தேகமாக இருக்கிறது. பாஸ் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மழை ஓய்ந்ததும் அங்கேயே கொண்டுபோவேன்.

போக நினைப்பவர்களுக்கு: பத்தனைச் சந்தியில் லேத் பட்டறை என்று கேட்டால் முச்சக்கரவண்டிக்காரர் எவரும் வழி சொல்வார். பாகத்தைக் கழுவி, பழைய போல்ட்டுகளோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். உடைந்த துண்டு சிறியதானாலும் எறியாதீர்கள், அளவெடுக்க அதுதான் வேண்டும். வண்டியையே கொண்டுபோவதென்றால் முதலில் பாஸை வீட்டுக்கு அழைத்துக் காட்டுங்கள், பார்க்க வருவதற்குப் பணம் வாங்குவதில்லை, பஸ் செலவைக் கொடுத்தால் போதும். காலை ஏழரைக்குத் திறக்கிறார்கள். ஞாயிறு மூடியிருக்கும். போயா நாளில் திறந்திருக்கும். தீபாவளி வாரத்தில் போக வேண்டாம்.